ஆயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு ஊசிகள்

ஜூன் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் செத்துவிட்டது. பதினோரு வருடம் உழைத்த பெட்டி. காலையில் பொத்தானை அழுத்தினேன். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது, அவ்வளவுதான். செப்டம்பரில் கோயம்புத்தூர் கண் மருத்துவர் மாநாட்டில் நான் பேசியாக வேண்டும். ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பில் பதிவான வீடியோக்கள் நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கின்றன. வெட்டி ஒட்ட ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும்.

"ரெடிமேடா ஒண்ணு வாங்கிருங்களேன்" என்றாள் கோமதி.

"நானே வாங்கி நானே மாட்டுவேன். கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கிறவனுக்கு இதென்ன பெரிய வேலையா?"

அவள் பதில் சொல்லவில்லை. கல்லூரியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவள் பதில் சொல்லாமல் விடுவது அபூர்வம்.

ஜூன் 5, வியாழன்

இரண்டு நாளாகப் படித்ததில் தெரிந்துகொண்டது: எல்லோரும் ப்ராசஸரைப் பற்றியே பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மட்டும் பார்க்கிற கூட்டம். மண்டபம் மதர்போர்டு. மின்சாரம், நினைவகம், டிஸ்க் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். அது மட்டமாக இருந்தால் மற்றதெல்லாம் உயர்ந்த ரகமாக இருந்தும் பிரயோஜனமில்லை. ஆகவே முதலில் போர்டு, அதுவும் உயர்ந்த போர்டு. மற்றவை பிறகு.

காபி இப்போதெல்லாம் முக்கால் டம்ளர்தான் வருகிறது. வீட்டில் சிக்கன நடவடிக்கை போலிருக்கிறது. கேட்கவில்லை.

இந்தப் பேனா மக்கர் செய்கிறது. எழுத்து கோழி கிளறினமாதிரி விழுகிறது. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 7, சனி

ஜெசிந்தாவின் வலது கண்ணைப் பரிசோதித்தேன். புரை நன்றாக முற்றியிருக்கிறது. என் ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருடமாகக் கருவி எடுத்துக் கொடுக்கிற சிஸ்டர் அவள். நான் கேட்பதற்கு முன்பே கருவி கையில் இருக்கும். எத்தனையோ ஆயிரம் புரைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், தன் புரையை ஒரு வருடமாக மறைத்திருக்கிறாள்.

"ஏன் சிஸ்டர் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா லீவு போடச் சொல்லுவீங்க. இடது கண்ணு நல்லாத்தானே தெரியுது டாக்டர்."

ஜூலை 12, சனிக்கிழமை என்று நாள் குறித்தோம். எந்த டாக்டர் என்று பதிவேட்டில் எழுதும் கட்டத்தில் அவளே என் பெயரை எழுதினாள். "அன்னைக்கிருந்தே சொல்லிட்டு வாரேன்லா, எங் கண்ணுல கத்தி வைக்கணும்னா அது உங்க கைதான்னு" என்றாள். சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

எட்டு கேஸ். ஆறாவதில் சிக்கல். களக்காட்டு வாழை விவசாயி, பெயர் சுடலைமுத்து. புரையை எடுக்கும்போது லென்ஸ் பையின் பின்தோல் கிழிந்துவிட்டது. நூற்றில் ஒருவருக்கு யார் செய்தாலும் இப்படி ஆகும். சமாளித்து வேறு இடத்தில் லென்ஸைப் பொருத்தினேன். பார்வை வரும், ஆனால் நாளாகும்.

மனிதர் தலையை அசைத்துவிட்டார். எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. பச்சைத் துணிக்கு அடியில் நோயாளியின் கையை ஒருவர் பிடித்திருப்பார். வலித்தாலோ இருமல் வந்தாலோ அந்தக் கையை அழுத்த வேண்டும், நாங்கள் நிறுத்துவோம். தலையை மட்டும் அசைக்கக் கூடாது. எல்லோருக்கும் சொல்லித்தான் படுக்க வைக்கிறோம். சொன்னால் கேட்டால்தானே!

இந்த மாதத்தில் இது இரண்டாவது.

ஜூன் 12, வியாழன்

புதுப் பேனா வாங்கினேன். இதுவும் அப்படித்தான்.

ஜூன் 14, சனி

ஜங்ஷனில் மைதீன் கடைக்குப் போனேன். மேலப்பாளையத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். நம் ஊரில் இவ்வளவு விலையில் போர்டு கேட்டு வருகிறவர் வருடத்துக்கு இரண்டு பேர்தானாம். நாற்காலி போட்டு, டீ சொல்லி, மூன்று போர்டுகளின் படத்தைத் திரையில் விரித்தார். டீ ததும்பிச் சட்டையில் பட்டது. டம்ளரை விளிம்பு வரை நிரப்பினால் அப்படித்தான்.

முதலாவது, கறுப்பு. மின்சாரம் சீராகப் பாயும், எவ்வளவு வேலை கொடுத்தாலும் சூடாகாது. இரண்டாவது, வெள்ளை. பார்க்க மாப்பிள்ளைச் சட்டை மாதிரி இருந்தது, அதனாலேயே வேண்டாம் என்றேன். மூன்றாவது, சாம்பல் நிறம். கறுப்புக்கு ஒரு படி கீழேதான். ஆனால் அதில் திருகாணியே கிடையாது. டிஸ்க்கை வைத்து விரலால் தட்டினால் பூட்டிக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்ற ஒரு பொத்தான்.

"ரொம்ப லேசு சார். எங்க வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. கையெல்லாம் கிடுகிடுன்னு ஆடும். அவங்களே மாட்டிருவாங்கன்னா பாத்துக்கோங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு ஐம்பத்தேழுதான் ஆகிறது.

"இன்னொண்ணு சார்" என்றார். "மூலையில சின்னதா ரெண்டு எழுத்து எரியும். எங்கயாவது தப்புன்னா என்ன தப்புன்னு போர்டே சொல்லிரும். நாம மண்டையை உடைக்க வேண்டாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சாம்பல் நிறப் போர்டுக்கே சொல்லிவிட்டேன். காரணங்கள்: டிஸ்க் மாட்ட ஐந்து இடங்கள் இருக்கின்றன. திருகாணி இல்லாததால் நேரம் மிச்சம். தப்பைத் தானே சொல்லும். கறுப்பின் கூடுதல் பலம் வீடியோ வெட்டுகிறவனுக்கு எதற்கு?

கோமதியிடம் பட்டியலைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு, "பெட்டியும் திருகு இல்லாதது, மூடியும் திருகு இல்லாதது. எல்லாத்தையும் அப்படித் தேடிப் பிடிச்சிருக்கீங்களே" என்றாள்.

"அதுதான் இப்ப வந்திருக்கிற முறை" என்றேன்.

"உங்க அப்பாவும் கடைசி வரைக்கும் பட்டன் இல்லாத சட்டையாத்தானே போட்டாங்க."

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்பாவுக்கு ஜிப்பா பிடிக்கும்.

ஜூன் 19, வியாழன்

காபியை நிறுத்திவிட்டேன். முக்கால் டம்ளர் காபி குடிப்பதில் மரியாதையும் இல்லை. ஆபரேஷன் நாட்களில் காலையில் ஒரு மாத்திரை. தலைவலிக்கு.

இன்று ஐந்து கேஸ். எல்லாம் சுத்தம். டாக்டர் முத்துப்பேச்சி, என் யூனிட்டில் இருக்கும் இளைய சர்ஜன், நான் மூன்றாவதை முடிக்கும்போதே தன்னுடைய ஏழையும் முடித்துவிட்டு வந்து, "மிச்சம் ரெண்டு இருக்கே சார், நான் வேணும்னா பாத்துக்கிடவா?" என்று கேட்டது. மரியாதையான பெண்தான். ஆனால் இந்த மாதத்தில் நான்காவது தடவை கேட்கிறது. யார் சொல்லிக் கொடுத்துக் கேட்கிறது என்று தெரியவில்லை. ஜெசிந்தா அந்த நேரம் பார்த்துக் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 28, சனி

எல்லாப் பொருள்களும் வந்துவிட்டன. மைதீன் தானே மாட்டித் தருவதாக மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் வேண்டாம் என்றேன்.

சாப்பாட்டு மேசையில் போர்டை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ப்ராசஸர் உட்காரும் குழி. அதற்குள் ஆயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு ஊசிகள், ஒவ்வொன்றும் மயிரிழை. இவ்வளவு விலை உயர்ந்த பொருளில் இது ஒன்றுக்குத்தான் சுலப வழி கிடையாது. பொத்தான் இல்லை, தட்டினால் பூட்டுவதும் இல்லை. ப்ராசஸரை விரலால் பிடித்து, ஆடாமல் அசையாமல் நேராக இறக்க வேண்டும். ஒரு ஊசி வளைந்தால் போர்டு போச்சு.

மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். நாளை இதை ஒரே தடவையில் சரியாக இறக்கிவிட்டால் ஜெசிந்தாவின் கண்ணை நான்தான் செய்வது. இல்லையென்றால் யோசிப்பது. ஏன் இப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. படித்தவன் செய்கிற காரியமா இது? ஆனாலும் கட்டியாயிற்று.

ஜூன் 29, ஞாயிறு

பந்தயம் செல்லாது. ஏன் என்று எழுதுகிறேன்.

காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். மேசையைத் துடைத்து, முழங்கை வரை கை கழுவி, உறை போட்டுக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் போடும் அதே உறை. இருபத்தாறு வருடப் பழக்கம், நுட்பமான வேலை என்றால் கை தானாக உறையைத் தேடும். கோமதி வாசலில் நின்று பார்த்தாள்.

ப்ராசஸரை இறக்கினேன். மூலை கொஞ்சம் தவறிவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது உறையின் நுனிச் சுருக்கம் ஊசிகளில் மாட்டி இழுத்துவிட்டது. கம்ப்யூட்டர் மாட்டுகிற எவனும் உறை போடமாட்டான். ஒரு கண் சர்ஜன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். ஆக, தவறு உறையுடையது.

பார்த்தால் நான்கு ஊசிகள் சாய்ந்திருந்தன. இருக்கட்டும் என்று பூட்டி மின்சாரம் கொடுத்தேன். மூலையில் இரண்டு எழுத்து எரிந்தது. இரண்டும் பூஜ்யம். ப்ராசஸரே இல்லை என்று அதற்கு அர்த்தமாம். மைதீன் சொன்னது சரிதான், மறைக்கத் தெரியாத போர்டு.

கோமதி மெதுவாகக் கேட்டாள். "உறை ஊசில மாட்டுனது பெறவுதானே? மொதல்ல மூலை தவறுச்சே, அது எதனால?"

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஆறு கேஸ் போட்டிருந்தார்கள். தலைவலி என்று சொல்லி எல்லாவற்றையும் முத்துப்பேச்சிக்கு மாற்றிவிட்டேன். வியாழக்கிழமைக்கும் அதுவே.

ஜூலை 6, ஞாயிறு

போர்டைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் கேஸ் கிடையாது, கழுவி விடுகிற நாள். கழுவுவதற்கு முன்னால் பழைய மைக்ராஸ்கோப்பில், கழித்துப்போட்ட ஃபோர்செப்ஸ் இடுக்கியை வைத்து ஊசிகளை நிமிர்த்திவிடலாம் என்று எண்ணம். ஜெசிந்தா சர்ச்சிலிருந்து நேராக வந்து துப்புரவை மேற்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன டாக்டர், புது பேஷண்டா?"

"ஆமா. நாலு ஊசி வளைஞ்சு போச்சு."

"மயக்க ஊசி வேண்டாம்லா?" என்று சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டாள். அதோடு சுவரில் இருக்கும் டிவியையும் போட்டுவிட்டாள், பழக்க தோஷம். மைக்ராஸ்கோப்பில் தெரிவதெல்லாம் அதிலும் தெரியும்.

முதல் ஊசி நிமிர்ந்தது. இரண்டாவதுக்குப் போனேன். ஃபோர்செப்ஸின் நுனி ஊசியின் இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் இருந்தது, ஊசி மேல் மட்டும் இல்லை. மூச்சை அடக்கிப் பார்த்தேன். மணிக்கட்டை அழுத்தி ஊன்றிப் பார்த்தேன். டிவியில் அந்த நுனி கம்பைப் போலப் பெரிதாக, துடித்துக்கொண்டே நின்றது. துப்புரவு செய்யும் பெண்ணை ஜெசிந்தா ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டாள்.

மூன்று தடவை முயன்றேன். அதற்கப்புறம் கையை எடுத்துவிட்டேன்.

"நவுருங்க டாக்டர்" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து, ஃபோர்செப்ஸை வாங்கி, கண்ணை வைத்தாள். வலது கண்ணில் பனிமூட்டம்தான். ஒற்றைக் கண்ணில் மேடு பள்ளம் பிடிபடாது. நான் உதவியாளர் இடத்தில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பின் இரண்டாவது குழாயில் பார்த்துச் சொன்னேன்.

"இன்னும் கீழ... இன்னும்... இப்ப தொட்டுட்டு. பிடிங்க."

"பிடிச்சிட்டேன்."

"லேசா உங்க பக்கமா."

அவள் கை அசையவே இல்லை. கல்லில் ஊன்றியதுபோல நின்றது. அவள் கை, என் கண். இருபது நிமிஷத்தில் மூன்று ஊசிகளும் வரிசையில் வந்து நின்றன.

எழுந்து கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சனிக்கிழமை எங் கண்ணு இருக்கு. நீங்க பண்ணுதேன்னா நான் பேசாம படுத்துக்கிடுவேன் டாக்டர். மாட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். அதனால நீங்கதான் சொல்லணும்."

போர்டை அவளே துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

ஜூலை 7, திங்கள்

உறை போடாமல், கோமதியைக் கூப்பிட்டு ப்ராசஸரை இறக்கச் சொன்னேன். செடியின் இலையை எடுத்து வைப்பதுபோல வைத்துவிட்டாள். மற்றதையெல்லாம் நானே தட்டிப் பூட்டினேன். மின்சாரம் கொடுத்ததும் மூலையில் எழுத்துகள் மாறி மாறி ஓடின, பிறகு திரை வெளிச்சமானது. நல்ல போர்டு. சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

முதலில் எந்த வீடியோவைத் திறப்பது? மாநாட்டுக்கு வேண்டியது நூறு இருக்கிறது. நான் ஜூன் பத்தாம் தேதியைத் திறந்தேன். சுடலைமுத்து.

பெரிய திரையில் துல்லியமாக இருந்தது. நான்கு முறை பார்த்தேன். தலை அசைந்திருந்தால் கண்ணே திரையில் நகர்ந்திருக்க வேண்டும். கண் நகரவில்லை. குளத்துத் தண்ணீர்போல அசையாமல் இருந்தது. என் கருவியின் நுனி மட்டும் ஆடியது. ஆடி, பின்தோலில் இடித்தது.

வீடியோவில் ஒலியும் பதிவாகும். இத்தனை நாள் பழைய கம்ப்யூட்டரில் ஒலியை வைத்துக் கேட்டதே இல்லை. கிழிவதற்குப் பத்து விநாடி முன்னால் ஜெசிந்தாவின் குரல்: "கொஞ்சம் நிப்பாட்டிக்கிடுவோமா டாக்டர்?" அதற்கு என் குரல்: "வேண்டாம்."

இது எனக்கு ஞாபகமே இல்லை. அந்த மனிதர் அசைந்தார் என்று அன்றைக்கு இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். கேஸ் ஷீட்டிலும் எழுதியிருக்கிறேன். பேச்சில்லாமல் படுத்திருந்த ஒரு மனிதர் மேல் பழியைப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கை நடுங்குகிறது என்பதை முதல் தடவையாக வாயால் சொன்னேன். மாத்திரை தலைவலிக்கு அல்ல என்பதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "ஏப்ரல்ல இருந்து காபியை முக்கால் டம்ளர்தானே ஊத்துதேன்."

அழுதேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

பதிவேட்டில் சனிக்கிழமைப் பக்கத்தில் என் பெயரை அடித்து முத்துப்பேச்சியின் பெயரை எழுதினேன். அந்தப் பெண் பதறிவிட்டது.

"சார், சிஸ்டர் உங்களைத்தான் சொல்லி வச்சிருந்தாங்க..."

"நான்தான் மாத்தினேன். ஒழுங்கா பண்ணும்மா. அது சாதாரணக் கண்ணு இல்ல."

சுடலைமுத்து பரிசோதனைக்கு வந்திருந்தார். பார்வை திரும்பிக்கொண்டிருக்கிறது. வெளியே உட்கார வைத்து, "நீங்க அசையல. தப்பு என் பேர்ல. கேஸ் ஷீட்டையும் திருத்திட்டேன்" என்றேன். "நான் அசையலன்னு எனக்குத் தெரியும் சார். பெரிய டாக்டர் சொல்லுதாரேன்னு வீட்ல எல்லாரும் என்னையத்தான் ஏசுனாவ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 12, சனி

ஜெசிந்தாவை எட்டரை மணிக்கு உள்ளே கொண்டுவந்தார்கள். பச்சை உடையில், தலையில் தொப்பியோடு, படுத்துக்கொண்டு அந்த அறையைப் பார்ப்பது அவளுக்கு முதல் தடவை. "விளக்கு இவ்ளோ கூசுமா? பாவம்லா சனங்க" என்றாள்.

கையைப் பிடித்துக்கொள்ளும் ஆயாவை நகரச் சொல்லிவிட்டு அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தது. துணிக்கு அடியில் கையை விட்டு ஜெசிந்தாவின் கையைப் பிடித்தேன்.

என் கை நடுங்கியது. வலித்தால் அழுத்தச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவளுக்குத் தெரியாததா? சிறிது நேரத்தில் அவள் தன் இன்னொரு கையையும் கொண்டுவந்து என் கையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டாள். நடுக்கம் நின்றது.

துணி அசைவதைப் பார்த்து முத்துப்பேச்சி கையை நிறுத்தியது. "சார், அழுத்துறாங்களா? வலிக்குதா?"

"இல்லம்மா. நீ பண்ணு. சும்மா பிடிச்சிருக்காங்க."

பதினொரு நிமிஷம். லென்ஸ் பையின் முன்தோலில் வெட்டும் வட்டம் அச்செடுத்ததுபோல வந்தது. டிவியில் பார்த்தேன். என் கையால்கூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. இதை எழுதும்போது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

ஜூலை 14, திங்கள்

இனி அறுவை சிகிச்சை செய்வதில்லை, புறநோயாளிகளை மட்டும் பார்க்கிறேன் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். மாநாட்டுக்கும் எழுதிவிட்டேன். பேசப்போவது என் சிறந்த அறுவைகளைப் பற்றியல்ல, ஜூன் பத்தாம் தேதி வீடியோவைப் பற்றி. ஒலியோடு போட்டுக் காட்டுவேன்.

ஜெசிந்தா கட்டுப் பிரித்ததும் அந்தக் கடிதத்தைத்தான் வாங்கிப் படித்தாள். வலது கண்ணால், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு. "எல்லாம் தெளிவாத் தெரியுது டாக்டர். கையெழுத்துதான் கோணலா இருக்கு. வேற பேனா தரட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். நல்ல பேனாதான்.